மகள் ஊடகச் சிறப்புப் பிரிவு கேட்கிறாள், விடலாமா?

செவ்வந்தி (ஸ்காபரோ, கனடா):

வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டுப் பாடங்களை இந்தக் குளிர்காலத்துக்குள் தெரிவுசெய்து கொடுக்க வேண்டும். அவளுடைய பள்ளியில் எஸ்.எச்.எஸ்.எம். என்று ஒரு சிறப்புப் பிரிவு இருக்கிறது. அதில் தொடர்பாடல் தொழில்நுட்பம், வீடியோ, ஒலிப்பதிவு எல்லாம் படிக்கலாம், முடித்தால் டிப்ளோமாவில் சிவப்பு முத்திரை குத்துவார்கள் என்கிறாள். கோவில் தேர், மாமியின் அறுபதாவது பிறந்தநாள் என்று எதையாவது எடுத்துத் தொகுத்துக்கொண்டே இருக்கும் பிள்ளை. இவருக்கோ அவள் உயிரியல் பக்கம் போக வேண்டும் என்று ஆசை. இது படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கான பிரிவு என்று மச்சாள் வேறு சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம். இதில் படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்கவிட்டவர்கள் யாராவது சொல்லுங்கள். பல்கலைக்கழகம் போகும் வழி அடைபட்டுவிடுமா?

ராசன்72:

தங்கச்சி, எல்லார் பையிலும் கமரா இருக்கிற காலம் இது. அதைப் பழகப் பள்ளியில் இரண்டு வருடம் எதற்கு? விஞ்ஞானப் பாடங்களை எடுக்கட்டும். வீடியோவைச் சனி, ஞாயிறில் வைத்துக்கொள்ளலாம்.

மல்வேர்ன்காரி:

செவ்வந்தி அக்கா, நான் இதே பிரிவில் படித்து 2017இல் வெளியே வந்தவள். இப்போது ஒலித்தொகுப்புத்தான் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மச்சாளுக்கு. தொடர்பாடல் தொழில்நுட்பம் பதினோராம் வகுப்பில் டி.ஜி.ஜே.3எம்., பன்னிரண்டில் டி.ஜி.ஜே.4எம். கடைசியில் நிற்கும் ‘எம்’ என்றால் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் பொதுவான பாடம் என்று அர்த்தம். ‘யு’ என்றால் பல்கலைக்கழகத்துக்கான பாடம். ஒன்ராறியோவில் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் ‘யு’, ‘எம்’ பாடங்களில் ஆறைத்தான் கணக்கில் எடுக்கின்றன. துறை கேட்கும் கட்டாயப் பாடங்கள் போக மிஞ்சும் இடத்தில் இது தாராளமாக உட்காரும். எனக்கு உட்கார்ந்தது. இரசாயனவியல் கவிழ்த்த சராசரியை நிமிர்த்தியதே இந்தப் பாடம்தான்.

சிவப்பு முத்திரையைப் பெரிதாக நினைக்காதீர்கள். வேலைக்குப் போன இடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அம்மா மட்டும் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்.

பாடக்கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு பாடம் முடித்தால் ஒரு கிரெடிட். ஆண்டுக்கு எட்டு என்றால் இரண்டு ஆண்டுக்குப் பதினாறு கிரெடிட். இந்தப் பிரிவு கேட்பது மொத்தம் 8 முதல் 10 வரை, ஆனால் ஆங்கிலம் போல எப்படியும் எடுக்க வேண்டியவையும் அதற்குள்ளேயே வந்துவிடும். புதிதாக இடம் பிடிப்பவை நான்கு முதன்மைப் பாடங்களும் இரண்டு கோ-ஒப் (வேலையிடத்தில் போய்ப் பழகுவது) கிரெடிட்டும்தான். உயிரியல் பக்கம் போகும் பிள்ளைக்குப் பதினொன்றில் ஆங்கிலம், கணிதம், உயிரியல், இரசாயனவியல். பன்னிரண்டில் அவற்றோடு இரண்டாவது கணிதம். ஆக ஒன்பது. ஆறைக் கூட்டினால் பதினைந்து. ஓர் இடம் மிச்சம்.

இனி ராசன் அண்ணைக்கு. பதினோராம் வகுப்பில் ஐந்து நிமிட ஆவணப்படம் ஒன்று செய்யச் சொன்னார்கள். நான் அம்மம்மாவைப் பிடித்து எங்கள் சமையலறையில் உட்கார்த்தினேன். ஹெட்போனைக் காதில் வைத்த பிறகுதான் எங்கள் குளிர்சாதனப் பெட்டி இத்தனை வருடமும் முனகிக்கொண்டு நின்றது தெரிந்தது. பிளக்கைக் கழற்றினேன். அடுத்தது சேலை. சட்டையில் குத்திய சின்ன மைக்கில் தலைப்பு உரசி மழை பெய்வதுபோலக் கேட்டது. டேப் ஒட்டினேன், சங்கிலியைச் சட்டைக்குள் விட்டேன், அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். “அதுதான் இப்போது சொன்னேனே பிள்ளை” என்றார் அம்மம்மா. இரண்டாம் முறை சொன்ன கதையில் உப்பில்லை. கடைசியில் மழைச் சத்தத்தோடு முதல் தடவைப் பதிவையே போட்டேன். ஒலிக்கு ஆசிரியர் புள்ளி வெட்டினார், தெரிவுக்குக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்ததும் ஒருவரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் வெறும் ஒலியைப் பதிய வேண்டும். வெட்டிய இடங்களுக்கு அடியில் அதைப் போடாவிட்டால் ஒலி திடீர் திடீரென்று அறுந்துபோகும். அந்த அரை நிமிடமும் அம்மம்மா அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஃபோட்டோ எடுப்பதாக நினைத்தாரோ என்னவோ. நான் பிளக்கை மாட்ட மறந்தேன். மறுநாள் காலை அம்மா உறைபெட்டியைத் திறந்தபோது விளைமீனும் நண்டும் உருகிய தண்ணீரில் கிடந்தன. அன்று வீட்டில் கேட்டதை இங்கே எழுத முடியாது.

ஆசிரியரிடம் போய் அழாக்குறையாகச் சொன்னேன். “பெட்டியை அணைக்கும்போது உன் வீட்டுச் சாவியை உள்ளே வைத்துவிடு, சாவி இல்லாமல் வெளியே போகமாட்டாய்” என்றார். இன்றைக்கும் பதிவுக்குப் போகும் வீடுகளில் என் சாவி தயிருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கமரா எல்லார் பையிலும் இருக்கிறது அண்ணை, ஆனால் இதைச் சொல்லித் தர ஆள் வேண்டும்.

கோ-ஒப்பில்தான் கவனம் தேவை. ஒரு கிரெடிட்டுக்கு 110 மணி நேரம், எனக்கு இரண்டுக்கும் 220. முதலில் அனுப்பிய இடத்தின் பெயர் வேண்டாம். மூன்று வாரம் கேபிள் சுற்றினேன், கோப்பை கழுவினேன். கேபிளை முழங்கையில் சுற்றக் கூடாது, முறுக்கேறி உள்ளே கம்பி அறும் என்பது மட்டும்தான் அங்கே கற்றது. கோ-ஒப் ஆசிரியரிடம் அழுதுபிடித்து வேறு இடம் மாறினேன். ஆகவே பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: போன ஆண்டுப் பிள்ளைகள் எங்கெங்கே கோ-ஒப் செய்தார்கள்? மழுப்பினால் யோசியுங்கள். தூரத்தையும் பாருங்கள். நான் போகும்போது ஸ்காபரோ ஆர்.டி. ரயில் இருந்தது. 2023 ஜூலையோடு அதுவும் நின்றுவிட்டது, இனி பஸ்தான்.

முதலுதவி, சி.பி.ஆர். சான்றிதழும் எடுக்க வேண்டும். “படம் எடுக்கிறவளுக்கு நெஞ்சை அமுக்குகிற வேலை எதற்கு?” என்று அப்பா கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் நன்றாகச் செய்வேன்.

செவ்வந்தி:

தங்கச்சி, உங்கள் கணக்கை இவரிடம் காட்டினேன். இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, பௌதிகவியல் எங்கே என்று கேட்கிறார்.

மல்வேர்ன்காரி:

பௌதிகவியல் இரண்டையும் சேர்த்தால் பதினேழு, ஒன்று கூடிவிடும். ஒரு பாடத்தைக் கோடைப்பள்ளியில் முடிக்கலாம். நான் பதினோராம் வகுப்பு ஆங்கிலத்தை அப்படித்தான் முடித்தேன், ஜூலை மாதம் முழுக்கப் போய்விட்டது. போகப்போவது மகளின் விடுமுறை, அதனால் அவளிடமே கேளுங்கள்.

கடலோடி:

என் மகன் இதே பிரிவில் சேர்ந்து நடுவில் விட்டவன். அதையும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கோ-ஒப்புக்குப் போகமாட்டேன் என்று நின்றான், கணக்கியலில் ஆசை வந்துவிட்டது. நான் பதறிப்போய்ப் பள்ளிக்கு ஓடினேன். படித்து முடித்த பாடங்கள் கிரெடிட்டாக அப்படியே இருக்கும், முத்திரைதான் கிடைக்காது என்றார்கள். அதன்படிதான் நடந்தது. 30 கிரெடிட், 40 மணி நேரச் சமூக சேவை எல்லாம் முடித்துச் சாதாரண டிப்ளோமாவோடு வந்தான். இப்போது கணக்கியல் படிக்கிறான், எங்கள் ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடலுக்கு வீடியோ செய்பவனும் அவன்தான். பயப்படாமல் விடுங்கள்.

ராசன்72:

பிள்ளை, மீன் போனது மீன்தான். ஆனாலும் அந்த அம்மம்மாவின் படம் எங்கே இருக்கிறது? இணைப்பைப் போடு, பார்ப்போம்.

மல்வேர்ன்காரி:

அண்ணை, அது வீட்டுக்குள்ளே மட்டும். அம்மம்மா இரண்டு வருடம் முன்பு தவறிவிட்டார். அந்த மழைச் சத்தத்தை இப்போது ஐந்து நிமிடத்தில் என்னால் சுத்தம் செய்துவிட முடியும். செய்யவில்லை.

செவ்வந்தி:

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை வழிகாட்டி ஆசிரியரைச் சந்திக்க நேரம் எடுத்திருக்கிறேன், கோ-ஒப் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். இவர் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை, ஆனால் கூட வருகிறேன் என்றிருக்கிறார். மகள் இதை எல்லாம் வாசித்துவிட்டு எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே இரண்டு கிலோ பாரை இருக்கிறது. சாவி விஷயத்தை இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.