ஈன்ற மாட்டுக்குக் காது சில்லுன்னு இருந்தா குளிருன்னு விட்டுடாதீங்க

பாலாடா, ஊட்டி:
போன மார்கழி, புல்லு மேல உறைபனி வெள்ளையாப் படிஞ்ச ராத்திரி. எங்க ஜெர்சி கலப்பு மாட்டுக்கு நாலாவது ஈத்து. சாயங்காலமே வாலடியில ரெண்டு பக்கமும் குழி விழுந்துடுச்சு, மடி கல்லாட்டம். பத்து மணிக்குத் தண்ணிக்குடம் உடைஞ்சு, அரை மணியில கிடேரிக் கன்னு. சாக்கால நல்லாத் துடைச்சு, தொப்புள்ல டிங்சர் வெச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடிக்க வெச்சோம். நிம்மதியாப் போய்ப் படுத்தேன்.

விடிகாலை நாலு மணிக்குப் போனா மாடு படுத்தே கிடக்கு. காது சில்லுன்னு. இந்தக் குளிர்ல எந்த மாட்டுக் காதுதான் சூடா இருக்கும்னு ரெண்டு சாக்கைப் போர்த்திட்டு வந்துட்டேன். அந்த ரெண்டு மணி நேரத்தை நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது. ஆறு மணிக்குக் கழுத்தை விலாப்பக்கம் மடிச்சுப் போட்டுருக்கு, மூக்கு காஞ்சிருக்கு, தட்டினாலும் எழலை. மாமியார் சுக்குக் கஷாயம் ஊத்தப் போனாங்க. போன்ல டாக்டர் பதறிட்டார்: "வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, அதால முழுங்க முடியாது, நுரையீரலுக்குப் போயிடும். சாயவிடாம நெஞ்சு தரையில படுற மாதிரி உக்கார வெச்சு, ரெண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை முட்டுக் கொடுங்க."

பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்புச் சூடு குறையும். சீம்பாலுக்காக மடி கால்சியத்தை இழுத்துக்கறதால தசையெல்லாம் தளர்ந்து போகுது. பெரும்பாலும் ஈன்ற மூணு நாளுக்குள்ள வரும். கால்சியம் பாட்டிலை ரத்தக்குழாய்ல மெதுவா, இதயத் துடிப்பைக் கேட்டுக்கிட்டே ஏத்தினார். வேகமா ஏத்தினா இதயமே நின்னுடலாம். பாட்டில் முடியுறப்ப ஏப்பம் விட்டுச்சு, சாணி போட்டுச்சு. முக்கால் மணியில எழுந்து நின்னு கன்னைத் தேடிக் கத்துச்சு. நான் அழுதுட்டேன்.

மன்னவனூர், கொடைக்கானல்:
எங்களுக்கு, கன்னு போட்டப்புறம் விழ வேண்டிய நஞ்சுக்கொடியால வந்த கஷ்டம் அக்கா. பொழுது சாய்ஞ்சும் விழலைன்னு பக்கத்துக்காரர் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். பாதி அறுந்து உள்ளயே தங்கி, கர்ப்பப்பை சீழ் பிடிச்சு, அந்த மாடு அப்புறம் சினையே பிடிக்கலை. ஈன்னு 12 மணி நேரம் தாண்டியும் கொடி விழலைன்னா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்குக் கூப்பிடுங்க, இழுக்காதீங்க. சரி, பால் காய்ச்சல் அடுத்த ஈத்துலயும் வருமா அக்கா? முன்கூட்டியே கால்சியம் டானிக் கொடுத்துடலாமா?

பாலாடா, ஊட்டி:
ஒரு தடவை வந்த மாட்டுக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம் தம்பி. ஆனா கடைசி மாசத்துல டானிக் ஊத்தாதீங்க. தீனியிலேயே நிறையக் கிடைச்சுட்டா, எலும்புலேர்ந்து கால்சியம் எடுக்குற வேலையை உடம்பு மந்தமாக்கிடும், ஈன்றதும் திணறும்னு டாக்டர் சொன்னார். எங்களுது இப்ப ஏழு மாசச் சினை, பால் வத்தவிட்டாச்சு. இந்தத் தடவை ஈனுற அன்னிக்கு நான் கொட்டாயிலேயே படுத்துக்கறேன்.