காருக்குள் 980 நானோமீட்டர் லேசர்: அலைநீளத்தைத் தரநிலை கட்டிப்போட வேண்டுமா?

ஒளிக்கீற்று: காருக்குள் பெட்டிகள் தரவு பரிமாறும் ஒளியிழை வலையமைப்புக்கான (ஈதர்நெட்) தரநிலையான ஐ.இ.இ.இ. 802.3சிஇசட் 2023இல் வெளிவந்தது. வேகம் விநாடிக்கு 2.5 முதல் 50 கிகாபிட் வரை. இழை, தரவு மையங்களில் ஓடும் அதே ஓஎம்3 வகைக் கண்ணாடி இழை. லேசர் மட்டும் 980 நானோமீட்டர்! ஓஎம்3 இழையே 850 நானோமீட்டருக்காகச் செதுக்கப்பட்டது. 850 லேசர் சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. கையிலிருக்கும் சரக்கை ஒதுக்கியது யாருக்காக?

மின்மினி: சூட்டுக்காக. தரவு மைய லேசர் ஏசி காற்றில் வாழ்கிறது. காரில் 105 டிகிரியிலும் எரிய வேண்டும். 850 லேசரின் படிகத்தில் ஒரு சிறு பிசகு இருந்தால் போதும், சூட்டிலும் மின்னோட்டத்திலும் அது இருண்ட கோடாக வளர்ந்து ஒளியைத் தின்றுவிடும். 980இல் கலக்கும் இண்டியம் அணுக்கள் பெரியவை, பிசகை நகரவிடுவதில்லை. இழையைப் பற்றிக் கவலை வேண்டாம், காரில் அதிகபட்சம் 40 மீட்டர்தான்.

ஒளிக்கீற்று: 850இலும் இண்டியம் கலந்த லேசர்கள் உண்டு நண்பரே. தரநிலை ஒளியின் அளவையும், மறுமுனையில் ஒளியை வாங்கும் ஏற்பியின் உணர்திறனையும் மட்டும் சொல்லிவிட்டு, அலைநீளத்தை உற்பத்தியாளரிடம் விட்டால் என்ன?

மின்மினி: அங்கேதான் இடிக்கிறது. ஒரு முனைப் பெட்டி ஒருவருடையது, மறுமுனை இன்னொருவருடையது. 850க்கான காலியம் ஆர்சனைடு ஏற்பி 870ஐத் தாண்டினால் குருடு. இரண்டு பெட்டியும் ஒன்றோடொன்று பேசாது. ஆனால் அலைநீள எல்லையை இறுக்கக் கூடாது என்றால் ஒப்புக்கொள்கிறேன்: சூட்டில் லேசரின் அலைநீளம் டிகிரிக்கு ஏறத்தாழ 0.06 நானோமீட்டர் நகர்ந்தாலே, மைனஸ் 40இலிருந்து 105க்குள் 9 நானோமீட்டர் போய்விடும்.

பணிமனைக்காரர்: நான் கார் பழுது பார்ப்பவன். மோஸ்ட் என்ற பழைய ஒளியிழை வலையமைப்பு உள்ள வண்டிகளில் இணைப்பியைக் கழற்றினால் 650இன் சிவப்பு வெளிச்சம் தெரியும். தெரிந்தால் முந்தைய பெட்டி உயிரோடு இருக்கிறது என்று பொருள். இனி எதைப் பார்ப்பது?

ஒளிக்கீற்று: 980 கண்ணுக்குத் தெரியாதுதான். 850ஆக இருந்தாலும் உங்களுக்கு அதே கதிதான் அண்ணா.

மின்மினி: தயவுசெய்து இழை முனையில் கண்ணை வைக்காதீர்கள். தெரியாத ஒளிக்கு இமை தானாக மூடாது. கண் பாதுகாப்பு விதி 850ஐவிட 980இல் ஏறத்தாழ 1.8 மடங்கு ஒளியை அனுமதிக்கிறது என்பதும் அந்தத் தேர்வுக்குச் சாதகமான ஒன்று. ஆனாலும் கண்ணுக்குப் பதில் ஒளியை அளக்கும் ஒளிமானி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணிமனைக்காரர்: ஒளிமானி இருக்கிறது தம்பி. அதில் 650, 850, 1310 என்றுதான் பொத்தான். 980க்கு எதை அழுத்த?