ஐஎஸ்ஓவுக்கு ‘ஒளியுணர்திறன்’ பொருந்துமா?

> ஐஎஸ்ஓ: ஒளியுணர்திறன். பழகிய சொல்தானே, அப்படியே சேர்த்துவிடலாம்.

வணக்கம் ஐயா. நம் ஒளிப்படக் கலைச்சொல் பட்டியலில், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓ அமைப்புக்கு நீங்கள் சொன்ன சொல் பற்றி எழுதுகிறேன். ரோல் போட்டு எடுத்த காலத்துக்கு இந்தச் சொல் கச்சிதம். படச்சுருளில் பூசிய வெள்ளி உப்பின் மணி பெரிதானால் குறைந்த வெளிச்சமே போதும். ஐஎஸ்ஓ 400 ரோல் மாட்டினால் 36 படத்துக்கும் 400தான்.

டிஜிட்டலில் கதை வேறு. ஐஎஸ்ஓவை 100இலிருந்து 800க்கு ஏற்றினால் சென்சாரின் உணர்திறன் இம்மியும் கூடுவதில்லை. விழுந்த ஒளிக்கு ஏற்ற எலெக்ட்ரான்தான் சேரும். அந்த மின்குறிகையைப் படித்தெடுக்கும்போது எட்டு மடங்கு பெருக்கி எண்ணாக மாற்றுகிறார்கள், அவ்வளவே. ‘உணர்திறன்’ என்று அச்சிட்டால், ஐஎஸ்ஓ ஏறினால் கேமரா கூடுதல் ஒளியைப் பிடிக்கும் என்று படிப்பவர் நம்பிவிடுவார். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலுக்கும் அதன்மேலேயே பழி போடுவார்.

இரைச்சலில் பெரும்பங்கு ஒளிப் பஞ்சத்தால் வருவது. ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான் விழுந்தால் தற்செயல் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும், அதாவது 1 விழுக்காடு. 100 மட்டும் விழுந்தால் 10. அது 10 விழுக்காடு. நிழலில் மணல் தூவினாற்போலத் தெரிவது இதுதான்.

மார்கழிக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2.8, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று வைத்திருக்கிறோம். ஷட்டரை 1/100க்கு இறக்கினால் 1600 போதும். படம் சுத்தமாவது ஒளி இரட்டித்ததால். எண் இறங்கியதால் அல்ல. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். அதனால் 1/100இல் படத்தில் விளக்குத் துடிப்பின் பட்டையும் விழாது. மிருதங்கக்காரர் கைதான் கலங்கும்; தனி ஆவர்த்தனத்துக்கு மறுபடி ஷட்டரை ஏற்றியாக வேண்டும்.

என் பரிந்துரை ‘பெருக்கநிலை’. அடிப் பெருக்கநிலை, தானியங்கு பெருக்கநிலை என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

—

> என் பரிந்துரை ‘பெருக்கநிலை’.

காரணம் சரி தம்பி, சொல்தான் இடறுகிறது. வீடியோ கேமராக்களில் ‘கெயின்’ (குறிகையைப் பெருக்கும் அளவு) என்றே தனி அமைப்பு உண்டு, டெசிபெல் கணக்கில். 6 டெசிபெல் ஏறினால் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரு மடங்கு. ‘பெருக்கம்’ அதற்கே உரியது.

இன்னொன்று, இந்த எண்ணை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 12232 என்ற பன்னாட்டுத் தரநிலை அளப்பது பெருக்கியை அல்ல. 1998இல் வந்த அந்தத் தரநிலையில் 2006 திருத்தம் சேர்த்த முறையைப் பாருங்கள்: இவ்வளவு ஒளி விழுந்தால் ஜேபெக் படம் இவ்வளவு வெளிச்சமாக வரவேண்டும் என்பதுதான் கணக்கு. உள்ளே பெருக்கியால் செய்கிறார்களா, எண்ணைப் பெருக்கிச் செய்கிறார்களா என்பது கம்பெனியின் பாடு. நிக்கான் டி850இல் அடிப்படை ஐஎஸ்ஓ 64. அதற்குக் கீழே லோ 1 என்று 32க்கு நிகராக ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி வாங்கி, பிறகு எண்ணைப் பாதியாக்குகிறார்கள். மெரினாவில் சூரியன் கிளம்பும் நேரம் லோ 1 வைத்தால், மேகத்தின் ஓரம் ஒரு ஸ்டாப் முன்னதாகவே வெளுத்துப்போகும். அதைப் ‘பெருக்கநிலை 32’ என்பது எப்படிச் சரியாகும்?

‘ஒளியேற்றம்’ என்றும் யோசித்தேன். கார்த்திகை தீபம்தான் நினைவுக்கு வருகிறது!

தலைச்சொல் ‘ஐஎஸ்ஓ எண்’ என்றே இருக்கட்டும். மெனுவிலும் அதுதான், கடையிலும் அதுதான். ‘ஒளியுணர்திறன்’ படச்சுருளுக்கு, ‘குறிகைப் பெருக்கம்’ கெயினுக்கு.

—

லோ 1 கணக்கு என் சொல்லைக் கவிழ்த்துவிட்டது, ஏற்கிறேன். ஆனால் வெறும் ‘ஐஎஸ்ஓ எண்’ என்று விட்டால் புதியவருக்கு ஒன்றும் புரியாது. விளக்கம் இப்படி இருக்கட்டுமா?

“ஐஎஸ்ஓ எண்: விழுந்த ஒளிக்குப் படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிய வேண்டும் என்று குறிக்கும் எண். எண் இரட்டித்தால் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடும். சென்சாருக்கு வரும் ஒளியை மாற்றாது.”

ரா கோப்புக்கு (கேமரா ஜேபெக் ஆக்காமல் சென்சார் தரவை அப்படியே சேமிக்கும் கோப்பு) ஒரு வரி கூடுதலாக வேண்டும். அப்பர்ச்சரும் ஷட்டரும் மாறாமல் 800இல் எடுத்தால், 100இல் எடுத்ததைவிட மிகு வெளிச்சப் பகுதிகளில் மூன்று ஸ்டாப் விவரம் போய்விடும். பாடகியின் ஜரிகைக் கரை வெள்ளைத் தாளாகும். 100இல் எடுத்துக் கணினியில் ஏற்றினால் ஜரிகை பிழைக்கும். புதிய சென்சார்கள் பலவற்றில் நிழலும் ஏறக்குறைய 800இல் எடுத்தது போலவே இருக்கும். பழைய கேமராவில் வேண்டாம், நிழலில் கோடு கோடாக இரைச்சல் எழும்பும்.

‘பேண்டிங்’ இந்தக் கோட்டுக்கும் சொல்கிறார்கள், விளக்குப் பட்டைக்கும் சொல்கிறார்கள். இரண்டையும் தனித்தனிப் பதிவாகப் போடலாமா ஐயா?