செஸ்னா 172: டவர் தெளிவாக் கேட்குது, நாங்க பேசுறது போகுதில்ல

உப்புக்காற்று:
அண்ணாமார், திருகோணமலை சீனன்குடாவில நிக்கிற செஸ்னா 172, சின்ன விமானம். கொம்-1இல (முதலாவது பேச்சு ரேடியோ) டவர் தெளிவாக் கேட்குது. நாங்க பேசுறது பத்து மைலுக்கு அங்கால உடைஞ்சுதான் போகுதாம், மழைக்கு அடுத்த நாள் இன்னும் மோசம். அதே ரேடியோவைக் கழட்டி ரெண்டாவது ரேடியோவின்ர இடத்தில, கொம்-2 ட்ரேயில போட்டா ஒரு குறையும் இல்ல. ரேடியோப் பக்கம் வாட் மீட்டர் போட்டுப் பார்த்தா போறது 8 வாட், திரும்பி வாறது 0.3. எஸ்டபிள்யூஆர் (எவ்வளவு பவர் திரும்புது எண்டு காட்டுற அளவு, 1 எண்டா ஒண்டும் திரும்பேல்ல) 1.5 தானே, அன்ரனா நல்லம் எண்டு எடுக்கலாமா?

கொட்டியாரம்:
எடுக்க வேணாம் தம்பி. கேபிளுக்குள்ள தண்ணி போனா அதுவே பவரைத் தின்னும். போகேக்க ஒருக்கா, திரும்பி வரேக்க ஒருக்கா. 8 வாட்டில 3 வாட்தான் அன்ரனாவுக்குப் போகுது எண்டு வையுங்க. அதில 0.8 திரும்பினா ரேடியோவுக்கு வந்து சேர்றது 0.3 தான். அன்ரனா அடியில எஸ்டபிள்யூஆர் 3ஐத் தாண்டியிருக்கும், உங்களுக்கு 1.5 காட்டும். மழைக்குப் பிறகு மோசமாகுது எண்டதே பெரிய துப்பு.

அன்ரனாவைக் கழட்டி, கேபிளின்ர அந்த முனையில வாட் மீட்டரும் 50 ஓம் டம்மி லோடும் (அன்ரனாவுக்குப் பதிலாப் பவரை வாங்குற தடை) போடுங்க. 118, 127, 136 மெகாஹேர்ட்ஸ் மூண்டிலயும் சில விநாடி மட்டும் பட்டனை அமத்துங்க. 121.5 அவசர அலைவரிசை, அந்தப் பக்கமே போகாதீங்க. மூண்டு மீட்டர் நல்ல கேபிளில 8 வாட்டுக்கு 7 ஆவது வரவேணும்.

நிலாவெளி:
மைக் ஜாக்கையும் பாக்கலாமே?

கொட்டியாரம்:
ஜாக் பிழையெண்டா கிட்டவும் உடையும். தூரம் போகத்தான் உடையுது எண்டா அது பவர் குறை. டவர் கேட்குறதும் அதாலதான்: அவங்கட பவர் கூட, இழப்பு தெரியாது.

ஆறாம்_கட்டை:
கூரை லைனிங்கை இறக்கி அன்ரனா அடியில பிஎன்சி கொனெக்டரைக் கழட்டிப் பாருங்க. கேபிளைச் சுத்தியிருக்கிற பின்னல் கம்பி பச்சையா, கறுப்பா இருந்தா அதில தொடங்கி வெட்டுங்க. பத்து சென்ரிமீட்டர் வெட்டியும் செப்பு பளிச்செண்டு வரேல்ல எண்டா முழுக் கேபிளையும் மாத்துங்க, பின்னல் வழியா ஈரம் ஏறிட்டு. மாத்துறதெண்டா ஆர்ஜி-400: இரட்டைப் பின்னல், வெள்ளி முலாம், உள்ள டெஃப்லோன். கொனெக்டரை நசுக்கிப் பூட்ட (கிரிம்ப்) அந்தக் கேபிளுக்குரிய அச்சு (டை) வேணும், குறடு வேணாம். பின்னலின்ர ஒரு இழை நடுப் பின்னில முட்டினாலே கதை முடிஞ்சுது. அன்ரனா போட முதல் நடுவுக்கும் பின்னலுக்கும் இடையில ஓம் மீட்டர் திறந்த சுற்றுக் காட்டுதா எண்டு பாருங்க.

அடுத்தது பொண்டிங், அதாவது உலோகத்தோட உலோகம் மின் தொடர்பா இருக்கிறது. அன்ரனா அடிக்கும் உடற்தகட்டுக்கும் இடையில 3 மில்லி ஓமுக்குள்ள இருக்கவேணும். சாதாரண மல்டிமீட்டர் இதுக்குக் காணாது, அதின்ர வயரே அதைவிடக் கூடக் காட்டும். நாலு வயர் மில்லி ஓம் மீட்டர் எடுங்க. தகட்டில பெயின்ட் இருந்தா ஸ்கொட்ச்-பிரைட் தேய்ப்பானால சுரண்டி, அரிப்பைத் தடுக்கிற அலோடைன் பூசுங்க. இரும்பு நார் வேண்டவே வேணாம், துகள் அலுமினியத்தில குத்தி நிண்டு அரிக்கும்.

உப்புக்காற்று:
மேல சுத்திவர சிலிக்கன் பூசலாமா அண்ணா?

ஆறாம்_கட்டை:
வினாகிரி மணக்கிற சிலிக்கன் எண்டா தொடாதீங்க, அந்த அமிலமே தகட்டைத் தின்னும். பொலிசல்ஃபைட் சீலன்ட் விளிம்பில மட்டும், அடிக்குக் கீழ போகாமப் பூசுங்க. உள்ள கேபிளை ஒரு வளைவு தொங்க விட்டுக் கட்டினா வழியிற தண்ணி கொனெக்டருக்கு வராது. காய்ஞ்ச பிறகு பொண்டிங்கையும் பவரையும் திரும்ப அளந்து, ரெண்டு அளவையும் லொக்கில எழுதிப் பி2 (விமான மின்னணு) உரிமக்காரரிட்ட கையெழுத்து வாங்குங்க.