நகைய மீட்டு கொடுத்துட்டாரு, ஆனாலும் அவர நம்ப முடியல

சிப்புட்பொண்ணு:
வணக்கம். நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கோம், வீட்டுக்காரர் செம்பனை மில்லுல வேலை. போன வருஷம் சொந்தத்துல ஒரு கல்யாணம், போட்டுட்டு போலாம்னு அலமாரிய தொறந்தா எங்கம்மா போட்ட நகை ஒண்ணு கூட இல்ல. கேட்டா சாமி படத்துக்கு முன்னாடி நின்னு எனக்கு தெரியாதுன்னு சத்தியம் பண்ணாரு, வீட்டுக்கு வந்துபோற பக்கத்து லயத்து பையன் மேல நான் சந்தேகப்பட்டப்ப கூட வாயவே தெறக்கல. அப்புறம் மோட்டார் சீட்டுக்கு அடியில அடகு கடை ரசீது கெடச்சிச்சு. ஆன்லைன் சூதாட்டமாம், ஆலோங்கிட்ட, அதான் லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்கிட்ட வாங்கின கடனாம். இப்ப ஓவர்டைம் செஞ்சு நகைய மீட்டுட்டாரு, வெளையாட்டையும் விட்டுட்டேன்றாரு. ஆனா அவரு தூங்கினதும் நான் ஃபோன எடுத்து நோண்டுறேன். மாமியார் வேற தீபாவளியோட மறந்துடுன்றாங்க. நகை கூட பரவால, மூஞ்சிய பாத்து பொய் சொன்னாரே, அத எப்படி மறக்கிறது?

கங்சார்அக்கா:
மறந்துடுன்னு சொல்றவங்க வீட்டு நகையா போச்சு? நீ அவசரப்படாத தங்கச்சி. ஒண்ணு மட்டும் கேக்குறேன், அந்த பையன்கிட்ட உன் வீட்டுக்காரர் போயி மன்னிப்பு கேட்டாரா? உன்கிட்ட கேக்குறது சுலபம்லா, நீ சோறு போடுறவ. திருட்டு பேரு வாங்கின பையன் வீட்டு வாசல்ல போயி நிக்கிறதுக்குத்தான் நெஜமான மனசு வேணும். நான் அதத்தான் பாப்பேன்.

ஈப்போதம்பி:
அக்கா சொன்னது சரி, ஆனா கணக்கையும் பாருங்க. பேங்க் நெகாரா, அதான் மத்திய வங்கி, அதோட இ-சிசிஆர்ஐஎஸ்னு ஆன்லைன் கடன் பதிவுல அவர் பேர்ல இருக்கிற பேங்க் கடன் எல்லாம் வரும், கடைசி 12 மாசம் ஒழுங்கா கட்டினாரான்னும் தெரியும், காசு வாங்க மாட்டாங்க. ஆலோங் கடன் அதுல வராது, அத அவரே வாயால சொல்லணும். ஈபிஎஃப்ல, அதான் ஊழியர் சேமநிதில, 2024 மே மாசத்துலேர்ந்து புதுசா கட்டுற பணத்துல 10% ஃபிளெக்சிபல் கணக்குக்கு போவுது, அத எப்ப வேணா எடுக்கலாம், சூதாட்ட கை முதல்ல அங்கதான் போவும். கடன அடைக்க திட்டம் போடணும்னா ஏகேபிகேன்னு கடன் ஆலோசனை அமைப்பு இருக்கு, ஆலோசனை இலவசம்.

தனிவழி:
ராத்திரி ராத்திரி போலிஸ் வேல பாத்துட்டு ஒரு வாழ்க்கையா? விட்டுட்டு வாங்க.

ஈப்போதம்பி:
சொல்றது ஈசி பாஸ். விவாகரத்துன்னா முஸ்லிம் அல்லாதவங்களுக்கு 1976 திருமண, விவாகரத்து சட்டம், ஒருத்தர் மட்டும் மனு போட்டா பொதுவா முதல்ல ஜேபிஎன், அதான் தேசிய பதிவு இலாகா, அங்க உள்ள சமரச குழுவுக்கு போயாகணும். அது அவங்க முடிவு, நாம தள்ளிவிட வேணாம்.

மனசுபேசு:
நான் கவுன்சலிங் படிச்சவ. ஜான் காட்மன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், துரோகத்துக்கு அப்புறம் நம்பிக்கை திரும்புறத மூணு கட்டமா சொல்வாரு. தப்பு செஞ்சவர் முழுசா பொறுப்பேத்துக்கிறது முதல்ல, ஒருத்தர் மனச ஒருத்தர் கேக்குறது அடுத்து, நெருக்கம் கடைசியில. உங்க மாமியார் கடைசியத்தான் முதல்ல கேக்குறாங்க. ஃபோன் பாக்குறத நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அடி வாங்கின மனசு அப்படித்தான் காவல் காக்கும். ஆனா திருட்டுத்தனமா பாத்தா ஒண்ணும் இல்லன்னாலும் மனசு ஆறாது, இன்னிக்கு அழிச்சிட்டாரோன்னு தோணும். சம்பளம் வந்த அன்னிக்கு அவரே உக்காந்து பேங்க் ஆப்ப தெறந்து காட்டட்டும். நீங்க கேக்காமலே காட்டுறாரா, அதான் விஷயம். எரிச்சல்பட்டா அதையும் கவனிங்க.

சிப்புட்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. நேத்து பேசினேன். ஈபிஎஃப் பாஸ்வர்ட உடனே கொடுத்துட்டாரு, பாத்தேன், கைய வைக்கல. ஆனா அந்த பையன் விஷயத்த எடுத்ததும் இப்ப எதுக்கு அதெல்லாம்னு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. கங்சார் அக்கா, அவரு போற வரைக்கும் நான் சும்மா இருக்கவா, இல்ல நானே அந்த பையன் அம்மாகிட்ட போயி உண்மைய சொல்லிடவா?