மணலுக்குள் நெளிவது என்ன புழு? தலையைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்

கடல்மீன் தொட்டி வைத்து ஏழாவது மாதம். கண்ணாடியை ஒட்டிய மணலில் நூல் நூலாகப் பாதைகள். உற்றுப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஏதோ நெளிகிறது. மணல் மொத்தத்தையும் அள்ளிக் கொட்டிவிடத்தான் நினைத்தேன். ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது நல்லதாகப் போயிற்று.

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக் காட்டினேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். சிவப்பை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. சின்னத் துளை ஒன்றிலிருந்து ஏழெட்டு மெல்லிய நூல்கள் மணல்மேல் பரவிக் கிடந்தன. தீனித் துணுக்கு ஒன்றைப் பக்கத்தில் விட்டேன். ஒரு நூல் அதைத் தொட்டது. நூல் அசையவில்லை, துணுக்கு மட்டும் அதன்மேல் ஊர்ந்து ஊர்ந்து துளைக்குள் போய்விட்டது! நூலில் உள்ள நுண்மயிர்கள்தான் அதை நகர்த்துகின்றன. ஸ்பாகெட்டி வார்ம். உடம்பைக் கடைசி வரை காட்டவே இல்லை.

பாறைக்கடியில் இன்னொன்று. உடம்பின் ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு பக்கமும் வெள்ளை முடிக்கொத்து: பிரிஸ்டில் வார்ம். மீன் செத்தால் இதன்மேல்தான் பழி விழும். பெரும்பாலும் இது செத்ததைத் தின்னத்தான் வருகிறது. திடீரென்று பெருகினால் தீனியைக் குறையுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். முடி குத்திவிட்டால் செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

நிறத்தை நம்பாதீர்கள், தலையைப் பாருங்கள். குழாய்க்குள்ளிருந்து இரண்டே இரண்டு நீளமான உணர்கொம்புகள் ஆடினால் அது ஸ்பியோனிட் என்ற புழு வகை, ஒன்றும் செய்யாது.

—

மேலே எழுதியவர் உட்கார்ந்து பார்த்தார்; நான் பார்க்காமலே மருந்து ஊற்றியவன். மீனுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தைத் தொட்டியிலேயே கலந்தேன். மறுநாள் காலை மணல்மேல் புழுக்கள் வெளுத்துக் கிடந்தன. மணலுக்குள் அத்தனை இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவை அழுகியதில் அம்மோனியா ஏறி, தண்ணீரை மாற்றி மாற்றிப் பார்த்தும் இரண்டு மீன்களைக் காப்பாற்ற முடியவில்லை. இன்றும் மனசு ஆறவில்லை. மீனுக்கு மருந்து தேவையென்றால் தனித் தொட்டியில் வைத்துக் கொடுங்கள்.

—

மேலே இருவர் சொன்னதும் சரி, ஆனால் எல்லாப் புழுக்களையும் விட்டுவைக்கவும் முடியாது. என் தொட்டியில் பவளங்கள் ஓரத்திலிருந்து அரிபட்டுக்கொண்டே வந்தன. மூன்று ராத்திரி காத்திருந்தேன். பாறைப் பொந்திலிருந்து ஒரு தலை. அதில் ஐந்து உணர்கொம்புகள், பின்னால் வானவில் போல மினுங்கும் உடம்பு. யூனிசிட் என்ற புழுக் குடும்பம். இதே குடும்பத்து பாபிட் வார்ம் 3 மீட்டர் வரைகூட வளரும். இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள், அறுந்துவிடும். உள்ளே தங்கிய துண்டு மறுபடி வளரக்கூடும். நான் அந்தப் பாறையை அப்படியே தூக்கி வேறு வாளி உப்புநீரில் வைத்து, பொந்து வாயில் இறால் துண்டைக் காட்டிக் காத்திருந்தேன். நான்காம் நாள்தான் முழுசாக வெளியே வந்தது.