நெல் அறுக்கும் முன்னே வந்துவிடும் கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் நினைவுகளைப் பகிரும் இந்த இழையில் பனி, குடில், கேக் என்று எல்லாரும் எழுதிவிட்டீர்கள். எங்கள் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று மைல் உள்ளே எங்களுக்கு மூன்று ஏக்கர். இரண்டில் நெல், ஒன்றில் முண்டு மிளகாய், வரப்பு ஓரமாகப் பனைகள், அப்புறம் பத்துப் பதினைந்து செம்மறி. இதைப் பண்ணை என்று சொன்னால் அப்பா சிரிப்பார். அவருக்கு அது வெறும் காடு.

எங்கள் கிறிஸ்துமஸுக்குக் கஷ்டமே அதன் தேதிதான். ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்த நெல் டிசம்பர் கடைசியில் கதிரும் பச்சையுமாக நிற்கும். அறுப்பு பொங்கலை ஒட்டித்தான். மிளகாய் பூவும் பிஞ்சுமாக இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மிளகாய்தான். குறியீடு வந்தது என்பதற்காக அது முன்கூட்டிப் பழுத்துவிடுமா என்ன? பதநீர் இறக்குவதும் தை பிறந்த பிறகுதான். ஆக, வருஷத்தில் கையில் சல்லிக்காசு இல்லாத மாதம் எதுவோ, அந்த மாதமாகப் பார்த்துப் பாலன் பிறக்கிறார். அப்பா இதைப் பங்குச்சாமியிடம் புகாராகவே சொல்வார். "சாமி, ஒரு மாசம் தள்ளி வைக்கச் சொல்லி ரோமாபுரிக்கு ஒரு கடுதாசி போடுங்களேன்."

புதுத்துணி கேட்டால் "ஓரியூருக்குப் பார்ப்போம்" என்பார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுப்பட்ட புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) திருநாள் அறுப்பு முடிந்த பிறகு வருவதால், அவர் மட்டும் விவசாயியின் கஷ்டம் தெரிந்த சாமி என்பது அப்பாவின் கட்சி.

டிசம்பரில் காசு வர இரண்டே வழி. ஒன்று பனங்கிழங்கு. ஆடி, ஆவணியில் விழுந்த பழத்தின் கொட்டைகளை மணல் பாத்தியில் அடுக்கி மூடி வைத்திருப்போம். பொங்கலுக்குத்தான் அது நன்றாகத் திரளும். நாங்கள் அவசரப்பட்டு டிசம்பரிலேயே ஒரு பாத்தியைத் தோண்டிவிடுவோம். விரல் தடிமனில் இருக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி அம்மா தொண்டிக்கு எடுத்துப் போவாள். எண்ணெய்க்கும் மைதாவுக்கும் அது காணும்.

இன்னொன்று கிடா. அதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம். கார்த்திகை முழுக்க விடாத அடைமழை. கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தது. நெல்லுக்கு நல்ல வருஷம், ஆட்டுக்குக் கெட்ட வருஷம். ஈரத்தில் நின்று நின்று குளம்பிடுக்கு வெந்து புண்ணாகும். போதாததற்கு நீலநாக்கு பயம் வேறு. கொசுவைவிடச் சின்ன பூச்சி ஒன்று கடித்துப் பரப்புகிற நோய். வாய் வீங்கி, நாக்கு நீலம் பாரித்து, ஆடு தீனியைத் தொடாது. பொழுது சாய்ந்தால் கொட்டிலில் வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம் போடுவது என் வேலை. விறகு நனைந்திருக்கும், கண் எரியும், என் பள்ளிக்கூடப் பாவாடை முழுக்கப் புகை வாசம்.

கிறிஸ்துமஸுக்கு என்று வளர்த்த கிடாவுக்கு இடது முன்னங்கால் குளம்பில் புண் வந்துவிட்டது. மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து, தினமும் அதில் காலை முக்கி எடுத்துக் கழுவினேன். நாலைந்து நாளில் நொண்டல் நின்றுவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இருபதாம் தேதி, தூறலில், வியாபாரி வந்தார். எங்கள் பக்கம் விலையை வாயால் பேச மாட்டார்கள். அப்பா கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டார், அவர் உள்ளே கையை விட்டார். துண்டுக்கு அடியில் விரல் விரலைப் பிடிக்கும், மடக்கும், உதறும். முகத்தில் ஒன்றும் தெரியாது. மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் டீ கொண்டுபோன நேரம் அப்பாவின் வாயோரம் லேசாக இளகியிருந்தது. விலை படிந்துவிட்டது என்று அர்த்தம்.

வியாபாரி டீயைக் குடித்துக்கொண்டே கிடாவின் முதுகெலும்பை அழுத்திப் பார்த்தார், வாலடியைப் பிடித்துப் பார்த்தார், கடைசியாகக் குனிந்தார்.

"என்னண்ணே, குளம்பு நீலமா இருக்கு?"

அப்பா வாயைத் திறக்கும் முன்னால் நான் சொன்னேன்: "மயில்துத்தம் மாமா. நான்தான் போட்டேன். இப்ப நல்லா நடக்குது."

கை திரும்பவும் துண்டுக்கு அடியில் போனது. இந்த முறை விரல்கள் அதிகம் பேசவில்லை. பாதி விலை கேட்டிருப்பார் போல. அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மழை விட்டா பார்ப்போம்" என்றார். கிடா கொட்டிலுக்கே திரும்பியது.

அந்த வருஷம் கறி இல்லை. அதிரசமும் வாய்க்கவில்லை. அடுப்புக்கு மேலே பரணில் ஓலைக் கொட்டானில் வைத்திருந்தும் கருப்பட்டி கசிந்து இளகிப் போயிருந்தது. மாவும் ஈரம் இழுத்திருந்தது. பாகு எத்தனை காய்ச்சினாலும் பதம் நிற்காமல், எண்ணெயில் விட்டதும் அதிரசம் பிரிந்து பரவியது. அம்மா பொரிப்பதை நிறுத்தி, அந்த மாவையே தளர்த்திக் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றிவிட்டாள். நடுச்சாமப் பூசைக்குப் போய் வந்து, ஈரத்தலையோடு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அதைத்தான் தின்றோம். உண்மையைச் சொன்னால், அதிரசத்தைவிட அது நன்றாக இருந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

* * *

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு மழை என்றால் எங்களுக்கு வாடை. காற்று எழும்பினால் வடகடல் முரடாகிவிடும். தொழிலுக்குப் போகிற நாள் குறையும், அதனால் காசில்லாத கிறிஸ்துமஸ் எங்களுக்கும் பழக்கம்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மூங்கில் சிம்பில் கட்டிக் கண்ணாடித் தாள் ஒட்டிய நட்சத்திரம் பத்தாம் தேதியே தயாராகிவிடும். ஆனால் டிசம்பர் 23 விடியும் வரை அப்பத்தா அதை ஏற்ற விட மாட்டார். 1964-ல் 22-ஆம் தேதி ராத்திரிதான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. கடல் இழுத்துக்கொண்ட ரயிலோடு போனவர்களில் அப்பத்தாவுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இன்றைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் நின்று படம் எடுக்கிற அந்த இடிந்த கோயிலில் அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் போவதாகத்தான் இருந்தார்களாம். இதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இப்போது அவர் இல்லை. என் பிள்ளைகள் டிசம்பர் முதல் தேதியே எல்.இ.டி. நட்சத்திரத்தைப் போட்டுவிடுகிறார்கள். நான் 22 ராத்திரி மட்டும் அணைத்துவைக்கிறேன்.

* * *

நான் உத்தரகோசமங்கைப் பக்கம். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, ஆனால் அடுத்த வீட்டுக் குடிலுக்குப் புல் வளர்த்துக் கொடுப்பது எங்கள் ஆத்தாதான். முளைப்பாரி போடுகிற கைப்பக்குவம் அவருக்கு. கொட்டாங்கச்சியில் எருவும் மண்ணும் போட்டுக் கேப்பையைத் தூவி, இருட்டில் மூடி வைத்து எடுப்பார். இளம்பச்சையில் ஒரே மட்டமாக வந்திருக்கும்.

ஒரு வருஷம் அதைக் குடிலில் வைத்த அன்றே எங்கள் வெள்ளாடு உள்ளே புகுந்து மேய்ந்துவிட்டது. புல், வைக்கோல், தாளில் செய்த மலை எல்லாம் காலி. மண்ணில் செய்த ஆடுகள் மட்டும் அப்படியே நின்றன. அந்த வீட்டு அத்தை, "போகட்டும், நிஜ ஆடு வந்துட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டார். எங்களுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த மார்கழியில் ஆருத்ராவுக்கு எங்கள் கோயில் மரகத நடராசருக்குக் களைந்த சந்தனத்தில் எங்களுக்குக் கிடைத்த துளியை ஆத்தா பாதியாகப் பிய்த்து, அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். வருஷம் பூராவும் சாமி மேல் சாத்தியிருந்து, ஒரே ஒரு தடவை களைகிற சந்தனம் அது. அத்தை அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்ததைப் பார்த்தேன்.

அது சரி, தொண்டிக்காரரே, அந்தக் கிடா கடைசியில் என்ன ஆனது?

* * *

கேட்டதற்கு நன்றி. மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள் அதே வியாபாரி வந்தார். கால் சுத்தமாக ஆறியிருந்தது, நீலமும் போயிருந்தது. துண்டுக்கு அடியில் ரொம்ப நேரம் பேசினார்கள். நல்ல விலைதான் என்று அம்மா பிறகு சொன்னாள். ஓரியூருக்கு எனக்கு ஒரு பாவாடை தாவணி எடுத்தார்கள். அப்பா தேர்ந்தெடுத்த நிறம், அப்பட்டமான மயில்துத்தம்.

அன்றைக்கு வியாபாரிக்கு டீ கொண்டுபோனது என் தம்பி. என்னை அடுப்படியை விட்டு வெளியே விடவில்லை.